படுகளத்தில் விழுந்தவரை எழுப்புவது

திருப்பூரில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றும் என்னிடம் வருகிற பெற்றோர் பலர் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. "எந்நேரமும் அதுக்குள்ளயே கெடக்கறானுங்க." அந்த 'அது' கைபேசி விளையாட்டாக இருக்கலாம், கொரியத் தொடராக இருக்கலாம், செயலியில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகும் காதல் நாவலாகவும் இருக்கலாம். கண்முன்னே உட்கார்ந்திருக்கிற பிள்ளை உண்மையில் இங்கே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. எங்கே போயிருக்கிறான், எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

'தப்பித்தல்' என்ற சொல்லை இலக்கிய விமரிசனத்தில் நெடுங்காலமாக ஒரு வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல், பிற்பகல் தொலைக்காட்சித் தொடர், கதாநாயகன் பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் படம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் மூட்டை கட்டி ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொங்கு நாட்டின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியபின், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது ஆலைகள் பெருகின. அதே பத்தாண்டில்தான் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் தோன்றின. நூற்பாலையும் சினிமாவும் இந்த மண்ணில் ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. பகல் முழுதும் கதிர்களுக்கு நடுவே நின்று, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்குப் போன தொழிலாளி, மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதும்போது வாசலில் நின்றார். அவரை வாழ்க்கையிலிருந்து ஓடியவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகச் சொன்னவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை பின்னர் விரிவான கட்டுரையாக வெளிவந்தது. சிறைப்பட்டவன் வெளியே வர விரும்புவதையும் படைவீரன் களத்தை விட்டு ஓடுவதையும் விமரிசகர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அதில் அவர் வாதிட்டார். எழுத்தாளர் கண்ட அந்த வேறுபாட்டின் சாயலை உளவியல் ஆய்விலும் காணலாம். நார்வே நாட்டு உளவியலாளர் ஃப்ரோட ஸ்டென்செங்கும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே பொழுதுபோக்கில் மூழ்குகிறவர்களிடம் இருவேறு நோக்கங்கள் இருப்பதைக் காட்டியது. ஒருவர் தன்னை விரித்துக்கொள்ளப் போகிறார். மற்றவர் தன்னை மறைத்துக்கொள்ளப் போகிறார். படிக்கும் நாவல் ஒன்றாகவே இருக்கலாம், செலவாகும் நேரமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்ற கேள்வியை நான் முதலில் கேட்பதில்லை.

பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் டெய்லராக இருந்த ஒரு பெண்ணை அவருடைய கணவர் அழைத்து வந்திருந்தார். நாற்பது வயதை நெருங்கியவர். பெரும்பாலான நாள்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை. கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மிஞ்சும் பத்து நிமிடத்திலும் கைபேசியில் தொடர்கதை படிக்கிறார் என்பதும், வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கதைமாந்தர்களைப் பற்றியே பேசுகிறார் என்பதும் கணவரின் குறை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கையும் கண்ணும் மெசினுக்குக் குடுத்தாச்சுங்க. மனசையாச்சும் கொஞ்ச நேரம் வேற எடத்துல வெச்சுக்கறனுங்க." பிள்ளைகளின் படிப்பு, சீட்டுப் பணம், மாமியாரின் மருந்து என எதிலும் அவர் பிசகியிருக்கவில்லை. தான் படித்த கதைகளின் போக்கில் தானும் ஒன்று எழுதிப் பார்த்ததாகவும், பதினோரு அத்தியாயம் வரை வந்திருப்பதாகவும், கணவருக்கு அது தெரியாது என்றும் பின்னர் தனியே கூறினார். சிகிச்சை எதுவும் தேவையில்லை என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன். தூக்கம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே நான் கொடுத்த அறிவுரை.

எல்லோரையும் இப்படி அனுப்பிவிட முடியாது என்பதை நான் நன்றாக அறிவேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மிகச் சரியான படிமம் நம் ஊரின் படுகளம்தான்.

பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாட்டாக இரவிரவாகப் பாடும் வழக்கம் காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. சிறுவயதில் என் அப்பத்தாவின் மடியில் படுத்தபடி அதைக் கேட்டிருக்கிறேன். அண்ணன்மார் மாண்டுபோகும் கட்டம் வரும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து, தாங்களும் அந்தக் களத்தில் மாண்டவர்களைப் போலத் தரையில் விழுவார்கள். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்துவார்கள். கதைக்குள் போவதென்றால் இதைவிட ஆழமாகப் போக முடியாது. அதன்பின் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். இறந்த அண்ணன்மாரைத் தங்கை தங்காள் தேடி வந்து சற்று நேரம் உயிர்ப்பிப்பதாகக் கதை சொல்கிறது. அவள் செய்ததைப் போலவே இங்கும் தீர்த்தம் தெளித்து, விழுந்து கிடக்கிறவர்களை எழுப்புவார்கள். அதற்குப் படுகளம் எழுப்புதல் என்றே பெயர். எழுந்தவருக்கு யாராவது தண்ணீர் கொடுப்பார்கள், இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொள்வார். கிடக்கிற ஒருவரை அப்படியே விட்டுவிட்டு ஊர் கலைந்து போனதை நான் பார்த்ததில்லை.

உள்ளே போகும் வழியை அமைத்தவர்கள் திரும்பும் வழியையும் சேர்த்தே அமைத்திருந்தார்கள். பிற்காலக் கேளிக்கைகளிலும் அந்த வழி ஏதோ ஒரு வகையில் எஞ்சியிருந்தது. படம் முடிந்தால் திரையில் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ வரும், விளக்குகள் எரியும், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைத் தேட வேண்டியிருக்கும். வாரப் பத்திரிகைத் தொடரில் 'தொடரும்' என்ற சொல் ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது. மாத நாவலுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. இன்றைய கைபேசியில் அந்த நிறுத்தங்களை அறிந்தே நீக்கியிருக்கிறார்கள். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் பக்கம் நீளும் முறையை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், அதன் விளைவுகளுக்காகப் பின்னாளில் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். ஓர் அத்தியாயம் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. எழுந்து போகலாமா என்று மனம் கேட்டுக்கொள்ளும் அந்தச் சிறிய இடைவெளி இப்போது இல்லை. இதைப் பிள்ளைகளின் ஒழுக்கக் குறையாகப் பார்ப்பது பெரும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடிகாலை நான்கு மணி வரை கைபேசியில் விளையாடிவிட்டு நண்பகல் வரை தூங்குகிறான், கல்லூரிக்குப் போவதில்லை. "போனைக் கல்லுல போட்டு ஒடைச்சேனுங்க. அப்பறம் மூணு நாளு கதவைத் தொறக்கவே இல்லீங்க" என்றார் தந்தை. கோபத்தில் செய்துவிட்ட காரியத்துக்காக அவர் அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். உறவினர் ஒருவர் பழைய போன் கொடுத்தபிறகுதான் பையன் சாப்பிட வந்திருக்கிறான்.

முதல் இரண்டு சந்திப்புகளிலும் அந்த விளையாட்டைப் பற்றி மட்டுமே பேசினோம். எந்த மூலையில் இறங்கினால் பிழைக்கலாம், எந்தத் தோழன் முதுகைக் காப்பான் என்பதையெல்லாம் அவன் பொறுமையாக எனக்குக் கற்றுக்கொடுத்தான். மூன்றாம் முறை, பேச்சின் நடுவே கைபேசியின் பின்னுறையைக் கழற்றினான். பழனி முருகன் படமும் ஒரு பத்து ரூபாய்த் தாளும் அங்கே இருந்தன. அவற்றுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மடிப்புகளில் மை அழிந்து, ஓரங்கள் பஞ்சாகியிருந்தன. ஒன்பது பாடங்களில் அரியர். அப்பா தறிக்குடோனை அடமானம் வைத்துக் கட்டிய கல்விக் கட்டணம் அந்த மடிப்புக்குள் இருந்தது. அவன் எதைப் பார்க்க அஞ்சி விளையாட்டுக்குள் போனானோ, அதே பொருளை இரவு முழுதும் உள்ளங்கையில் பிடித்தபடிதான் விளையாடியிருக்கிறான்.

தவிர்த்தல் எப்படி வளர்கிறது என்பதை நம் ஊருக்குப் பழக்கமான கணக்கில் சொல்லிவிடலாம். அஞ்சுகிற காரியத்தை இன்று ஒத்திப்போட்டால் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பரிசாக மாறி, நாளையும் ஒத்திப்போடச் சொல்கிறது. தவணையைத் தள்ளி வைத்தவருக்கு அசல் குறைவதில்லை, வட்டிக்கு வட்டிதான் ஏறுகிறது. பயமும் அப்படித்தான். ஆறு மாதம் கழித்து அந்தக் காகிதத்தைப் பிரிப்பது முதல் நாளில் பிரிப்பதைவிடப் பல மடங்கு கடினமாகிவிடுகிறது. போனை உடைக்கும் தந்தை, கடனை அப்படியே விட்டுவிட்டுக் கடன்பட்டவனுக்கு இருந்த ஒரே நிழலைப் பிடுங்கிக்கொள்கிறார்.

இதை நானே ஒரு பிழையின் வழியாகக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், எந்நேரமும் தொலைக்காட்சிமுன் கிடந்த பதினாறு வயதுப் பெண்ணின் வீட்டில் கேபிள் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். அவள் பேச்சு அடியோடு நின்றுபோயிற்று. தந்தையின் குடியும் இரவுச் சண்டையும் காதில் விழாமலிருக்கவே அவள் ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து, ஒருவர் எங்கே போகிறார் என்பதைவிட எதிலிருந்து போகிறார் என்பதை முதலில் கேட்கிறேன். பெற்றோரும் அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இனி நோய் என்ற பேச்சுக்கு வருவோம். விளையாட்டுக் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் சேர்த்தது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முதன்மையாகிப் போவது, தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குக் காணப்பட்டு, வாழ்க்கையையும் கணிசமாகப் பாதித்தால்தான் அந்தப் பெயரைச் சூட்ட முடியும். கோடை விடுமுறையில் ஒரு மாதம் விளையாடிய பையனுக்கு அது பொருந்தாது. நாவல் படிப்பதற்கோ படம் பார்ப்பதற்கோ அப்படியொரு நோய்ப் பெயர் கிடையவே கிடையாது. கையில் கருவி எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் தம் மனத்திலேயே தொடர்கதை ஓட்டிக்கொண்டு, அதிலிருந்து மீள முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. இஸ்ரேலிய உளவியலாளர் எலி சோமர் 2002-இல் அதைத் தனியாக விவரித்தார். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இடம்பெறவில்லையென்றாலும் அந்தத் துன்பம் உண்மையானது. பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிகள் வேறு வகை. அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது, திரும்பி வரும்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான். படித்ததையோ பார்த்ததையோ யாரிடமாவது சொல்ல ஆசைப்படுகிறார்களா, பசி தெரிகிறதா, நாளைய வேலையைப் பற்றிப் பேச்சு வருகிறதா? அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லை. இரவும் பகலும் தலைகீழாகி, குளியலும் சாப்பாடும் தள்ளிப்போய், நண்பர்களின் அழைப்பை எடுக்காமல், கேட்டாலே எரிந்துவிழுந்து, "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சும் வருமானால் நாளை என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

சோமனூர்ப் பையனின் விளையாட்டை நாங்கள் முதலில் தொடவே இல்லை. காகிதத்தைத்தான் முதலில் பிரித்தோம். அம்மாவிடம் அவனே சொன்னான். அடுத்த வாரம் என் அறையில் வைத்து அப்பாவிடம் சொன்னான். அவர் காகிதத்தை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சாமி? நான் என்னென்னமோ நெனச்சு இத்தனை நாளாத் தூங்குலயே" என்றார். முதல் பருவத்தில் இரண்டு பாடம் மட்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. விளையாட்டு இரவு எட்டு மணிக்குமேல் ஒரு மணி நேரம். முடிக்கும் நேரத்தைக் கடிகார மணியிடம் விடாமல் ஒரு மனிதரிடம் விட்டோம்; ஒன்பது மணிக்கு அவனுடைய அப்பத்தா அறை வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், திட்டக் கூடாது. முதல் வாரத்தில் மூன்று நாள் அவன் எழவில்லை. நான்காம் நாள் அவர் தட்டோடு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல உன்ற ஆளு யாரு கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அவன் திரையில் காட்டிவிட்டு, ஆட்டத்தை நிறுத்திக் கை கழுவப் போயிருக்கிறான்.

ஒன்பதில் ஐந்து பாடங்களை இதுவரை எழுதித் தேறியிருக்கிறான். அடுத்த சந்திப்புக்குச் சனிக்கிழமை வேண்டாம் என்று போன வாரம் கேட்டான். அன்று தறிக்குடோனில் பாவு பிணைக்க ஆள் வருகிறதாம், கூட நிற்க வேண்டுமாம்.