கேஜில் 30 மில்லிபார், சேம்பருக்குள் ஒரு வளிமண்டலம்

வெற்றிடக் கருவிகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஆர்கான் சிலிண்டர் நிற்கும் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் என் கண் முதலில் தேடுவது வெற்றிடக் கலனான சேம்பரில், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துவிடும் ரிலீஃப் வால்வைத்தான். பல இடங்களில் அது இருக்காது. கேட்டால், "கேஜைப் பார்த்துத்தானே சார் கேஸ் விடுறோம், ஆயிரம் வந்ததும் மூடிடுவோம்" என்பார்கள். ஆயிரம் மில்லிபார், அதாவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அது பிரானி கேஜாக இருந்தால், ஆயிரம் வருவதற்குள் சேம்பரின் ஜன்னல் கண்ணாடி வெளியே வந்துவிடும்.

1906-இல் மார்செல்லோ பிரானி உருவாக்கிய இந்தக் கேஜ் அழுத்தத்தை நேரடியாக அளப்பதே இல்லை. உள்ளே சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள வாயு அதன் சூட்டை எவ்வளவு வேகமாகப் பறிக்கிறது என்று பார்த்து, அதை அழுத்தமாக மாற்றிக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு நைட்ரஜனுக்குப் போட்டது.

சூட்டைப் பறிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாயுவும் கம்பியின் வெப்பநிலையில்தான் இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் எடுத்துக்கொள்கிறோம். உண்மை அப்படியில்லை. கம்பியில் வந்து மோதும் மூலக்கூறு, கடைசியாக வேறொரு மூலக்கூறோடு மோதிய இடத்தின் வெப்பநிலையைச் சுமந்துகொண்டு வருகிறது. மோதிய பிறகும் கம்பியின் சூட்டை முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே பரப்பை ஒட்டி வெப்பநிலை சட்டென்று தாவுகிறது. 1875-இல் குண்ட்டும் வார்பர்க்கும் ஊகித்த இந்தத் தாவலை 1898-இல் ஸ்மோலுகோவ்ஸ்கி அளந்தே காட்டினார்.

வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு மோதல்களுக்கு இடையே காற்று மூலக்கூறு போகும் சராசரி தூரம் 70 நானோமீட்டர்கூட இல்லை, தாவலை மறந்துவிடலாம். 1 பாஸ்கலுக்கு இறங்கினால் அதே தூரம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய கம்பிக்கு அது பெருந்தொலைவு. அப்போது கம்பிக்கும் வாயுவுக்கும் இடையே நிற்பது கிட்டத்தட்ட தாவல் மட்டும்தான். எத்தனை மூலக்கூறுகள் வந்து மோதுகின்றனவோ அவ்வளவு சூடு போகும். பிரானி ஒழுங்காக வேலை செய்யும் இடம் அது. அழுத்தம் ஏற ஏறத் தாவல் சுருங்கிவிடும். அதன்பின் வாயுவின் வெப்பக் கடத்தல் அழுத்தத்தைப் பொருட்படுத்தாது, அழுத்தத்துக்கு எதிராகச் சூட்டிழப்பை வரையும் வளைவு படுத்துவிடும்.

இப்போது ஆர்கானுக்கு வருவோம். கனமான, ஒற்றை அணு வாயு. வெப்பக் கடத்துதிறன் நைட்ரஜனுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். குறைந்த அழுத்தத்தில் கேஜ் காட்டுவதை 1.6 அல்லது 1.7-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். மேலே போனால் இந்தப் பெருக்கல் உதவாது. வெப்பச்சலனத்தையும் (சூடான வாயு மேலெழுந்து சுழல்வதையும்) பயன்படுத்தும் பரவலான ஒரு வகை பிரானி கேஜில், சேம்பருக்குள் முழு வளிமண்டல அளவு ஆர்கான் நிறைந்த பிறகும் திரையில் 30 மில்லிபார் அளவில்தான் எண் நிற்கும். ஆபரேட்டர் ஆயிரத்துக்காகக் காத்திருப்பார். சிலிண்டரும் தந்துகொண்டே இருக்கும். 10 செ.மீ. விட்டமுள்ள ஜன்னலில் 1 பார் மிகை அழுத்தம் என்றால் உள்ளிருந்து சுமார் 80 கிலோ எடை தள்ளுகிறது. அந்த ஜன்னலை வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குத்தான் பொருத்தியிருப்பார்கள்.

ஹைட்ரஜனில் கதை தலைகீழ்: குறைந்த அழுத்தத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு காட்டும். கம்பியின் பரப்பும் கணக்கில் உண்டு. சுத்தமான டங்ஸ்டனில் மோதும் ஹீலியம், வாங்கவேண்டிய சூட்டில் நூற்றில் இரண்டு பங்கு அளவே வாங்கும். அழுக்கேறினால் அது பலமடங்காகிவிடும். பம்ப் எண்ணெய் படிந்த கேஜ் காட்டும் அளவு மாறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்கான் நிரப்பும் வேலைக்கு டயாஃப்ரம் வகை கேஜ் வாங்குங்கள். அது வாயு தகட்டைத் தள்ளும் விசையை அளப்பதால் எந்த வாயுவானாலும் ஒன்றுதான். பணம் இல்லையென்றால் ரிலீஃப் வால்வையாவது முதலில் போடுங்கள், சிலிண்டர் ரெகுலேட்டரை மிகக் குறைவாக வையுங்கள். பிரானியைக் கழற்ற வேண்டாம், பம்ப் இறங்குகிறதா என்று பார்க்க அதுவே போதும். ஆனால் அதன் திரைக்குப் பக்கத்தில் "நைட்ரஜனுக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வெப்பச்சலன வகையாக இருந்தால் குழாய் கிடைமட்டமாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் போதவில்லை என்று செங்குத்தாக மாட்டிவைத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன்.