கோழியின் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கா? பிதுக்காதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சென்னையில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் வளரும் கோழிகள் நொண்டுவது கூடிவிடும். கோழியைப் பிடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கும், சுற்றிலும் சிவந்து சூடான வீக்கமும் இருந்தால் அது பாதச் சீழ்க்கட்டி. பம்பிள்ஃபுட் என்பது இதைத்தான். பாதம் நன்றாக இருந்து, காலின் செதில்கள் மட்டும் தூக்கிக்கொண்டு வெளுத்திருந்தால் அது செதில் உண்ணி. அதற்கு மருந்து வேறு. ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் மேரெக்ஸ் என்ற, நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. கீறல் வழியாக உள்ளே போகும். நம் உடம்பில் சீழ் நீர்த்து வழிவதுபோல் கோழிக்கு வழியாது. அதன் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் நொதிகள் குறைவு என்பதால், அது பனீர்க் கட்டிபோல இறுகிவிடும். பிதுக்கினால் வெளியே வராது. கிருமிதான் ஆழத்துக்கு, தசைநாணுக்கும் எலும்புக்கும் போகும். இறுகிய கட்டிக்குள் ரத்த ஓட்டமும் இல்லை. கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான்.

வீக்கம் சிறிதாக இருந்து, கோழி இரை எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கையுறை அவசியம், இந்தக் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பேதி உப்பு (எப்சம் சால்ட்) கரைத்து, கோழியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, 10 முதல் 15 நிமிடம் காலை ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விட வேண்டாம், பேதியாகும். ஈரம் துடைத்து, பொவிடோன் அயோடின் களிம்பு தடவி, காஸ் துணி வைத்து, விரல்களுக்கிடையே கொடுத்துக் கட்டுங்கள். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். தினமும் மாற்றுங்கள். சுண்ணாம்பு வைக்கவே வேண்டாம், சதையை அது வேகவைத்துவிடும். மனிதர்களுக்கான மரப்பு களிம்புகளும் ஆகாது; லிக்னோகெய்ன் போன்றவை அளவு மீறினால் பறவைக்கு நஞ்சு.

நான்கைந்து நாளில் வீக்கம் வடியவில்லை, கணுக்கால் வீங்குகிறது, காலை ஊன்றவே இல்லை என்றால் அறுவைதான் வழி. மரத்துப்போகச் செய்து, கட்டியை முழுதாக எடுக்க வேண்டிய வேலை அது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ போங்கள். சமையலறைக் கத்தியால் முயல வேண்டாம். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கட்டாயம் கேளுங்கள்.

இடத்தைச் சரிசெய்யாவிட்டால் ஆறிய காலிலேயே கட்டி திரும்ப வரும். சொரசொரப்பான சிமென்ட் தளம் பாதத்தைத் தேய்க்கிறது. ஈரம் தோலை ஊறவைக்கிறது. உமி அல்லது மரத்தூளை 2, 3 அங்குலம் பரப்பி, நனைந்த இடத்தை அன்றன்றே மாற்றுங்கள். உயரத்திலிருந்து குதிக்கும்போதும் பாதம் அடிபடும். ஆகவே உட்காரும் கழி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்; 2 அங்குலத் தடிமனில், சிம்பு இல்லாமல் இழைத்த சவுக்குக் கழி பொருத்தம். வெறும் அரிசியும் மிச்சச் சோறுமே தீனி என்றால் கோழி கொழுக்கும், வைட்டமின் ஏ குறையும், பாதத் தோல் பலவீனமாகும். முட்டைக்கோழித் தீவனத்தை முதன்மைத் தீனியாக்கி, தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் போடுங்கள்.