சிதையாததற்குச் சிதைவு என்று பெயர்

“நியூட்ரான் விண்மீனைத் தாங்குவது நியூட்ரான்களின் சிதைவழுத்தம்” என்றது, பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் அந்த நெருக்கமான கருவைப் பற்றிய காணொளிக் குரல். பக்கத்திலிருந்த அக்கா மகள் கேட்டாள்: “சிதைஞ்சா எப்படி மாமா தாங்கும்?”

இந்தச் ‘சிதைவு’க்கு ஆங்கில மூலச்சொல் டிஜெனரசி. லத்தீனில் தன் இனத்து இயல்பிலிருந்து விலகியது என்று பொருள். வழக்கமான வாயு விதிக்கு அடங்காமல், குளிர்வித்தாலும் அழுத்தம் குறையாத நிலைக்கு இப்படிப் பெயரிட்டார்கள். ஒரே குவாண்டம் நிலையில் இரு நியூட்ரான்கள் இருக்க முடியாது. ஆற்றலின் கீழ்ப்படிகள் நிரம்பினால் மற்றவை வேகம் கூடிய மேல்படிக்குப் போயே தீரவேண்டும். அந்த வேகம்தான் அழுத்தம்.

இதைச் சிதைவு என்றவர் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிட்டார் போலும். ஆனால் அந்தச் சொல் காலியாக இல்லை. பாடநூலில் பீட்டா சிதைவு உட்கார்ந்திருக்கிறது. தனியே விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்தில் சிதைந்து புரோட்டானாகிறது, ஓர் எலக்ட்ரானை உமிழ்கிறது. விண்மீனுக்குள் அது நடப்பதில்லை. வெளிவரும் எலக்ட்ரானுக்கு இடம் வேண்டுமே, கீழ்ப்படிகளில் ஏற்கெனவே வேறு எலக்ட்ரான்கள்! சிதைய விடாத நெருக்கடிக்கா சிதைவு என்று பெயர்?

செறிவழுத்தம் என்கிறார்கள் சிலர். காதுக்கு இனிமைதான். ஆனால் செறிவால் வரும் எந்த அழுத்தத்தையும் அந்த மூட்டையில் கட்டிவிடலாம். 1939இல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் டிஜெனரசியை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டபோது, சூரிய நிறையில் 0.7 மடங்குக்கு மேல் விண்மீன் நிற்காது என்று வந்தது. 2010இல் நிறை அளந்த ஜே1614-2230 என்ற நியூட்ரான் விண்மீனோ ஏறத்தாழ 2 மடங்கு! மிச்சத்தைத் தாங்குவது, மிக நெருங்கினால் நியூட்ரான்களைத் தள்ளிவிடும் அணுக்கரு விசை. விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் என்ற எக்ஸ்-கதிர்க் கருவி இவ்வகை விண்மீன்களில் கண்ட சுமார் 12 கி.மீ. ஆரமும் அந்தப் பொருள் லேசில் நசுங்காது என்கிறது. டிஜெனரசி, அணுக்கரு விசை இரண்டையும் செறிவு என்றால் விண்மீன் சொல்லவந்த சேதியே போச்சு.

நியூட்ரானை நொதுமி ஆக்குவதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. நியூட்ரான் கடன்சொல்தான், அதைக் கேட்டு அக்கா மகள் குழம்பவில்லை.

நான் திரிநிலை அழுத்தம் என்பேன். பால் திரிந்துபோச்சு என்கிறோம். பால் எங்கும் போய்விடவில்லை, இயல்புதான் மாறிவிட்டது. நன்னூலும் திரிதலையும் கெடுதலையும் தனித்தனி விகாரமாகத்தான் வைத்திருக்கிறது. திரிபு என்றால் விசையால் பொருளின் வடிவம் மாறும் ஸ்ட்ரெயின் ஆயிற்றே என்று பொறியியல் படித்தவர்கள் வருவார்கள். அதற்காகத்தான் திரிபழுத்தம் என்று சுருக்காமல் ‘நிலை’யை விட்டுவைத்தேன்.