ஹையசிந்த் குமிழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்கு முன்

ஹையசிந்த் என்பது வெங்காயம் போன்ற குமிழத்திலிருந்து முளைக்கும் பூச்செடி; கண்ணாடிக் குடுவையில் நீருக்கு மேல் குமிழத்தை வைத்தே வீட்டில் பூக்கவைக்கலாம். தோட்டக்கலை ஆலோசகராக என்னிடம் வரும் ஹையசிந்த் சிக்கல்களில் பல, கண்ணாடிக் குடுவையில் தொடங்குவதில்லை; சில வாரங்களுக்கு முன்பே குளிர்சாதனப் பெட்டிக்குள் தொடங்கிவிடுகின்றன.

ஹையசிந்த் குமிழத்தை நெடுக்காக வெட்டினால், மலரப்போகும் பூங்கொத்து சிறு மொக்குகளாக, வெங்காயத்தின் அடுக்குகள் போன்ற செதில்களுக்கு நடுவே முன்னரே உருவாகியிருப்பதைக் காணலாம். அதற்கான உணவும் அச்செதில்களிலேயே சேர்ந்திருப்பதால்தான், மண்ணும் உரமும் இன்றி வெறும் நீரின் மேல் அது பூக்கிறது. ஆனால் துருக்கி, சிரியா, லெபனான் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடிக்குக் குளிர்காலம் ஒன்று கழிந்தாக வேண்டும். ஏறக்குறைய 4 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில், இருட்டில், 10 முதல் 14 வாரங்கள் இருந்தால்தான் பூந்தண்டு சரியாக நீளும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் இலைகளுக்கிடையே அமுங்கிய குட்டைப் பூக்களே கிடைக்கும்.

இந்தக் குளிரைத் தர வீட்டில் உள்ள எளிய வழி குளிர்சாதனப் பெட்டிதான்; கவனம் தேவைப்படும் இடமும் அதுவே. பழுக்கும் ஆப்பிள் போன்ற பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு, குமிழத்துக்குள் இருக்கும் மொக்கைக் கருகச் செய்துவிடும். வெளியே திடமாக இருந்தும் பூக்காத ஒரு குமிழத்தை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்தார்கள். வெட்டிப் பார்த்தபோது நடுவில் மொக்கு பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பழத்தட்டில்தான் அதை வைத்திருந்தார்களாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மற்றொன்று. உரிக்காத ஹையசிந்த் குமிழம் பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் அது நச்சுத்தன்மை உடையது. அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயில் எரிச்சலை உண்டாக்கும். தின்றால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரலாம். நாய், பூனைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே மூடியுள்ள தனிப் பெட்டியில் காற்றுத் துளைகளுடன் வைத்து, "உண்ணத்தகாதது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமைப்பவர் எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்லியும் வையுங்கள். யாரேனும் தின்றுவிட்டால், வாயைக் கொப்பளிக்கச் செய்து, மிச்சக் குமிழத்துடன் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. அதே படிகங்கள் தோலிலும் அரிப்பைத் தருவதால், கையுறை இல்லாமல் குமிழத்தைத் தொடாதீர்கள்.

குடுவையில் வைக்கும்போது குமிழத்தின் அடிப்பாகத்துக்கும் நீருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். நீர் தொட்டுக்கொண்டே இருந்தால் அடி அழுகிவிடும். இடைவெளி இருந்தால் ஈரத்தைத் தேடி வேர் தானே இறங்கும். ஹையசிந்தின் வேர் கிளைப்பதில்லை, முறிந்தால் மீண்டும் வளர்வதும் இல்லை. அதனால் நீர் மாற்றுவதற்காகக் குமிழத்தைத் தூக்கி எடுக்காமல், கையால் தாங்கியபடி குடுவையை மெல்லச் சாய்த்து ஊற்றுவதே என் வழக்கம். முளை 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயர்ந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றலாம்; முதல் சில நாட்கள் குளிர்ந்த, நேர்வெயில் படாத இடமே நல்லது.

பூத்து முடிந்த குமிழம் சேமிப்பை எல்லாம் செலவழித்துவிட்டிருக்கும். அதை மறுபடி நீரில் பூக்கவைக்க முடியாது. அதை எறியும்போதும், செல்லப்பிராணிகள் கிளறி எடுக்க முடியாதபடி மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.