சாம்பல் கணக்கு சரி, பாகம் மட்டும் உடைகிறது

உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "சப்ளையர் கண்ணாடி இழையைக் குறைத்துவிட்டார்" என்பதுதான். இழை கலந்த பிளாஸ்டிக் தயாரிக்கும் வேலையில் சில வருடங்கள், அப்புறம் உடைந்த பாகங்களை ஆராயும் வேலையில் பல வருடங்கள் என்று எனக்குப் போயிருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையாக இருந்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருமுறை ஒரு பிராக்கெட் வந்தது. 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் 66. போல்ட்டை முடுக்கும்போதே ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் விழுகிறது என்றார்கள். வழக்கம்போலச் சாம்பல் சோதனை செய்தோம். ஒரு துண்டை எடைபோட்டு 600 டிகிரி சுமாருக்கு உலையில் வைத்தால் நைலான் எரிந்து போகும், கண்ணாடி மிஞ்சும். மிஞ்சியதை எடைபோட்டோம்: கிட்டத்தட்ட 30. சப்ளையர் மேல் தப்பில்லை.

அதோடு விட்டிருந்தால் காரணம் தெரியாமலே போயிருக்கும். சாம்பலில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். ஊசி ஊசியாகத் தெரிய வேண்டிய இடத்தில் தூள் தூளாகக் கிடந்தது. தராசுக்கு ஊசியும் ஒன்றுதான், தூளும் ஒன்றுதான்.

இழை எப்படி வலுவூட்டுகிறது என்பதற்குச் செடியைப் பிடுங்குவதை நினைத்துக்கொள்ளலாம். வேர் நீளமாக இறங்கியிருந்தால் இழுக்கும்போது தண்டு அறும், வேர் வராது. மேலாக இருந்தால் வேரோடு கையில் வந்துவிடும். இழையும் அப்படித்தான். போதிய நீளம் இருந்தால் பிளாஸ்டிக் தன் சுமையை அதன்மேல் ஏற்ற முடியும், இழையின் முழு பலமும் பயன்படும். குட்டையாக இருந்தால் இழை உடையாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். 10 மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி இழை நைலானில் நன்றாக ஒட்டியிருந்தால் இந்த எல்லை நீளம் சுமார் 0.3 மி.மீ. ஒட்டுதல் மோசமானால் எல்லை கூடும். அதனால்தான் இழைமேல் சிலேன் பூச்சு கொடுக்கிறார்கள். பாலிப்ரோப்பிலீன் தானாகக் கண்ணாடியோடு ஒட்டாது, அதற்கு மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய இணைப்பான் தேவை.

இதில் சங்கடம் என்னவென்றால், எக்ஸ்ட்ரூடருக்குள் (பிளாஸ்டிக்கை உருக்கி இழையோடு கலக்கும் இயந்திரம்) 3 முதல் 4.5 மி.மீ. நீளத்தில் போடுகிற இழை, குருணையாக, அதாவது மோல்டிங்குக்குப் போகும் சிறு மணிகளாக, வெளியே வரும்போதே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதற்குமேல் நாம் செய்யும் ஒவ்வொரு முரட்டுத்தனமும் எல்லைக்குக் கீழே தள்ளுகிறது. நல்ல கலவைக்காரர் இழையை முதல் வாயில் போடமாட்டார். பிளாஸ்டிக் முழுதும் உருகிய பிறகு பக்கவாட்டு ஊட்டி வழியாக விடுவார், அதற்குப் பிறகு கடுமையாகப் பிசையும் பகுதிகளைக் குறைத்துக்கொள்வார். உருகாத பிளாஸ்டிக்கும் இழையும் சேர்ந்து உரசினால் அம்மியில் வைத்து அரைத்த கதைதான்.

மோல்டிங் மெஷினிலும் அதே நியாயம். ஸ்க்ரூவில் குருணை பாதி உருகிப் பாதி கெட்டியாக இருக்கும் இடத்தில்தான் இழை அதிகம் முறிகிறது, ஒரு முனை கெட்டியில் மாட்டியிருக்க மறுமுனையை உருகிய பகுதி இழுப்பதால். ஆகவே பின்பக்க வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது, பேக் பிரஷரையும் (ஸ்க்ரூ பின்னால் நகரும்போது அதை எதிர்க்கும் அழுத்தம்) ஸ்க்ரூ வேகத்தையும் குறைப்பது, உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாயான கேட்டை ஊசித்துளையாக வைக்காமல் தாராளமாக வைப்பது எல்லாம் உதவும். 10 மி.மீ. சுமார் நீளமுள்ள நீள்இழைக் குருணையை வாங்கிவிட்டு, சாதாரணக் குருணைக்கு வைத்த அதே செட்டிங்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடுதலாகக் கொடுத்த காசு ஸ்க்ரூவிலேயே நொறுங்கிப்போகும்.

அப்புறம் ரீகிரைண்டு. ரன்னரை, அதாவது பாகத்துக்குப் போகும் வழியில் உறைந்து நிற்கும் பிளாஸ்டிக்கை, அரைத்துத் திரும்பப் போடுவது தப்பே இல்லை. அளவுதான் விஷயம். ஒவ்வொரு சுற்றிலும் இழை குறுகுகிறது, சாம்பல் சதவீதமோ அசையாது. ஈரத்தோடு ஓட்டினால் நைலானின் மூலக்கூறுச் சங்கிலியும் அறுபடும், அது வேறு தொல்லை. 0.2 சதவீதத்துக்குக் கீழே உலர்த்துங்கள், அவ்வளவுதான். (ரீகிரைண்டு அரைக்கும் இடத்தில் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் பட்ட கையைத் தேய்க்காமல் நீர் விட்டுக் கழுவுங்கள். அரிப்பை ஒருமுறை பட்டவருக்குச் சொல்லவேண்டியதில்லை.)

நீளம் பாதிக் கதை. மீதி, இழை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. தொழில்நுட்பத் தாளில் உலர்ந்த நிலையில் இழுவைப் பலம் 180, 190 மெகாபாஸ்கல் என்று போட்டிருப்பதை அப்படியே வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண், ஒரு முனையிலிருந்து நிரப்பிய சோதனைப் பட்டையில் எடுத்தது. அதில் இழைகள் பெரும்பாலும் இழுக்கும் திசையிலேயே படுத்திருக்கும். உங்கள் பாகத்தில் அப்படி இருக்கும் என்று யார் சொன்னது? ஓட்டையைச் சுற்றி இரண்டு ஓட்டங்கள் வந்து சேரும் வெல்டு லைனில் இழைகள் ஒன்றையொன்று கடப்பதில்லை, கோட்டோடு கோடாகப் படுத்துக்கொள்ளும். அங்கே பலம் பாதியாகக்கூட இறங்கும். போதாததற்கு, அந்தத் தாளிலேயே ஈரம் உறிஞ்சிய நிலைக்கு வேறொரு எண் இருக்கும், சுமார் 130. அந்தப் பத்தியை ஏனோ யாரும் படிப்பதில்லை.

பிராக்கெட்டுக்கு வருவோம். தொழிற்கூடத்தில் விசாரித்தபோது இரண்டு விஷயம் வெளியே வந்தது. கறுப்பு நிறம் கோடு கோடாக விழுகிறது என்று யாரோ பேக் பிரஷரை ஏற்றியிருக்கிறார்கள். கோடு போய்விட்டது, அதனால் அதைத் திரும்ப இறக்க யாருக்கும் தோன்றவில்லை. ரீகிரைண்டு எவ்வளவு என்றால், "இருக்கிறதைப் போடுவோம்." கேட்டோ போல்ட் ஓட்டைக்கு நேர் எதிரே. வெல்டு லைன் மிகச் சரியாக ஓட்டையின் மறுபுறம், முடுக்கும்போது அதிகமாக இழுபடும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பேக் பிரஷரைக் குறைத்து, ரீகிரைண்டை எடைபோட்டுச் சேர்க்க ஆரம்பித்ததும் விரிசல் நன்றாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. கேட்டை நகர்த்த மோல்டைத் திருத்த வேண்டும் என்றபோது, "மெட்டீரியலை 40 சதவீதமாக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்டார்கள். வெல்டு லைனைக் குறுக்கே கடக்காத இழையை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கோட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மோல்டு அடுத்த வாரம் மெஷினிலிருந்து இறங்கியது.