சொல் விளக்கம்: நிபந்தனையற்ற பண உதவி

‘அன்கண்டிஷனல் கேஷ் டிரான்ஸ்ஃபர்’ என்பதை ‘நிபந்தனையற்ற பணப் பரிமாற்றம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். முதல் சொல் சரி, இரண்டாவதும் சரி, மூன்றாவது பொருளையே கவிழ்த்துவிடுகிறது. பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. கருத்துப் பரிமாற்றத்தில் இருவரும் பேசுகிறார்கள். பண்டப் பரிமாற்றத்தில் இரு கைகளிலும் பொருள் இருக்கிறது. பொருளியலில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதோ கைமாறாக எதையும் பெறாமல் தரும் தொகை. கூலி, விலை, வாடகை, வட்டி ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே அந்தச் சொல் வந்தது. பரிமாற்றம் இல்லை என்பதைச் சொல்ல வந்த கலைச்சொல்லைப் பரிமாற்றம் என்றே பெயர்த்துவிட்டோம்.

இதன் பொருள் எளியது. அரசோ தொண்டு நிறுவனமோ ஓர் ஏழைக் குடும்பத்திடம் பணம் தருகிறது. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ரசீது கேட்பதில்லை, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பதில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்பதும் இல்லை.

‘நிபந்தனையற்ற’ என்ற அடைமொழிக்குத் தேவை வந்ததே நிபந்தனையுள்ள திட்டங்கள் பரவிய பிறகுதான். மெக்சிகோவில் 1997இல் ‘ப்ரோகிரெசா’ என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தினர் சுகாதார நிலையத்துக்கு வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் தாயின் கையில் பணம். பிரேசிலின் ‘போல்சா ஃபமிலியா’ (2003) அதே வழியில் வந்தது. முதியோர் ஓய்வூதியம் பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே எந்தக் கட்டளையும் இல்லாமல் வழங்கப்பட்டுத்தான் வந்தது. அதை ‘நிபந்தனையற்றது’ என்று யாரும் அடைமொழி வைத்து அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். தகுதி வேறு, நிபந்தனை வேறு. யாருக்குப் பணம் என்பது தகுதி. பெற்றவர் அடுத்து என்ன செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. கென்யாவின் ராரியேடா பகுதியில் ‘கிவ்டைரக்ட்லி’ என்ற தொண்டு நிறுவனம் பணம் தந்தபோது, புல் வேய்ந்த கூரை உள்ள வீடு என்பதைத் தகுதியாக வைத்தது. பணம் வந்ததும் பல குடும்பங்கள் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டன. தகுதிக்கு அடையாளமான கூரையே போய்விட்டதே என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்தியாவின் பிஎம் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. அந்தப் பணத்தில் விதை வாங்கு, உரம் வாங்கு என்று விதிப்பதில்லை. ஆகவே செலவைப் பொறுத்தவரை நிபந்தனையற்றது. ஆனால் நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்பது தகுதி. அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் அங்கேயே நின்றுவிடுகிறார். நிபந்தனை இல்லை என்பதால் ஒரு திட்டம் எல்லாருக்குமானது ஆகிவிடாது.

ஏழை உழவர் குடும்பத்தில் இந்தப் பணம் என்ன செய்கிறது? பயிர்த்தொழிலில் வருமானம் ஒரு பருவத்தில் வரும், செலவு ஆண்டு முழுக்க இருக்கும். கடன் நெருக்குவதால் அறுவடை முடிந்த கையோடு, விலை அடிமட்டத்தில் இருக்கும்போது தானியத்தை விற்கிறார்கள். சில மாதங்கள் கழித்து வீட்டில் தானியம் தீர்ந்ததும் கூடுதல் விலைக்கு அதையே வாங்குகிறார்கள். அந்தப் பஞ்ச மாதங்களில்தான் சொந்த வயலில் களை எடுக்கும் வேலையும் வரும். ஆனால் அன்றாடச் சாப்பாட்டுக்காகப் பிறர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும், தன் வயல் காத்துக் கிடக்கும். மலாவியில் இந்த அன்றாடக் கூலி வேலைக்கு ‘கன்யு’ என்று பெயர். மலாவி, சாம்பியா நாடுகளின் அரசுப் பண உதவித் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான்: பணம் வந்த குடும்பங்கள் இத்தகைய விவசாயக் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தன. இலவசமாகப் பணம் தந்தால் சோம்பேறியாவார்கள் என்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

பணம் வரும் விதமும் முக்கியம். ராரியேடாவில் ஹௌஸ்ஹோஃபர், ஷாபிரோ இருவரும் நடத்திய ஆய்வில் (வெளியானது 2016) சில குடும்பங்களுக்கு மொத்தமாகவும் சிலருக்கு மாதாமாதமும் ‘எம்-பெசா’ என்ற கைபேசிப் பணச் சேவை வழியே பணம் போனது. மாதத் தொகை பெற்ற வீடுகளில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு கூடுதலாகக் குறைந்தது. மொத்தத் தொகை கூரைத் தகரம் போன்ற நீடித்த பொருள்களில் கூடுதலாக இறங்கியது. தகரத்தை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். புல்லை அடிக்கடி மாற்றி வேய ஆகும் செலவு மிச்சமாகிறது, ஆகவே அதுவும் ஒரு முதலீடு. மாடு, ஆடு, கோழி வாங்கியவர்களும் உண்டு.

குடித்து அழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை எவான்ஸ், போபோவா என்ற இருவர் 19 ஆய்வுகளைத் தொகுத்துச் சோதித்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாகக் கூடவில்லை, பல இடங்களில் குறைந்திருந்தது. அக்கம்பக்கத்தார் கதை இன்னும் சுவையானது. கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களில், 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் தரப்பட்டது. பணம் பெறாத குடும்பங்களின் நுகர்வும் உயர்ந்தது. விலைவாசியோ மிகச் சொற்பமாகவே ஏறியது. ஒருவர் செலவு இன்னொருவருக்கு வருமானம் அல்லவா?

நிபந்தனைக்கும் ஒரு நியாயம் உண்டு. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் பேர்ட், மெக்கின்டாஷ், ஓஸ்லர் மூவரும் பள்ளி வயதுப் பெண்களிடையே இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள் (2011). படிப்பை நிறுத்தாமல் காப்பதில் நிபந்தனை முறையே முந்தியது. இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைத்ததில் நிபந்தனையற்ற முறை முந்தியது. காரணம் தெளிவு. பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு நிபந்தனைத் திட்டத்தில் பணமும் நின்றுவிடும். பணம் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். இன்னொன்று, பணம் கையில் வந்தாலும் மழையோ சாலையோ விளைபொருளுக்கு நல்ல விலையோ அதோடு சேர்ந்து வந்துவிடாது.

இனி வேர். ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு, பாதிதான் உண்மை. கிழக்காசியச் சிறு நாணயங்களை ஐரோப்பியர் ‘கேஷ்’ என்றது போர்ச்சுகீசியர் வழியே போன காசு. ரொக்கம் என்று பொருள்படும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ‘கண்டிஷன்’ இலத்தீனில் இருவர் கூடிப் பேசி முடித்த உடன்பாடு. தமிழில் வழங்கும் ‘நிபந்தனை’யோ கட்டுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது, பந்தம், நிர்ப்பந்தம் எல்லாம் அதன் உறவு. இதன் உடன்பிறப்பு ‘நிவந்தம்’. கோயில் விளக்குக்கும் பூசைக்கும் ஊழியருக்கும் ஒதுக்கிய நிலத்தையும் நெல்லையும் கல்வெட்டுகள் அப்படிச் சொல்கின்றன. தமிழ்ச் சொல்லான ‘கட்டளை’யும் இதே போக்குத்தான்: ஆணை என்றும் பொருள், கோயிலுக்கு எழுதிவைத்த கொடை என்றும் பொருள். விளக்குக்கு விட்டதை விளக்குக்கே செலவழிக்க வேண்டும். கொடுப்பதும் கட்டுவதும் ஒரே சொல்லில் கிடந்த மொழியில், கட்டில்லாத கொடைக்குப் பெயர் தேடுவது கொஞ்சம் வேடிக்கையான வேலைதான்.

‘மானியம்’ பொருந்தாது. முன்பு வரி நீக்கித் தந்த நிலத்துக்கு வழங்கிய அச்சொல் இன்று ஒரு குறிப்பிட்ட பொருளின் விலைக்குறைப்பாகிவிட்டது. உர மானியத்தைக் கொண்டு பிள்ளைக்கு மருந்து வாங்க முடியாது. ‘ஈகை’யும் எனக்கு ஒப்புதல் இல்லை. பொருள் கேட்கும்போது ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. பெறுபவரைக் கீழே நிறுத்தும் சொல்லைக் கலைச்சொல்லாக்க வேண்டாம். 2023இல் தமிழ்நாடு அரசு தன் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது நல்ல தேர்வு. ஆனால் உரிமை என்பது சட்டமும் அரசும் சார்ந்தது. தொண்டு நிறுவனம் ஒருமுறை தரும் பணத்தை உரிமை என்று அழைக்க முடியாது.

ஆகவே பொது வழக்குக்கு ‘நிபந்தனையற்ற பண உதவி’ போதும். தனித்தமிழ் விரும்புவோர் ‘கட்டற்ற பண உதவி’ எனலாம். ‘கட்டற்ற மென்பொருள்’ மூலம் அந்த அடைமொழி ஏற்கெனவே பழகிவிட்டது. எதிர்ச்சொல் ‘நிபந்தனைப் பண உதவி’. இரண்டோடும் ‘அனைவருக்குமான அடிப்படை வருமானம்’ என்பதைக் கலக்க வேண்டாம்: அதில் நிபந்தனை மட்டுமல்ல, ஏழையா என்ற தகுதிக் கேள்வியும் கிடையாது.