காற்றிலும் ஓதம் உண்டு

நிலவில்லாத இரவில் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் கழித்துவிட்டாலும் வானம் முழு இருட்டாகிவிடாது. காற்றே மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். பகலில் புற ஊதாக் கதிர்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அணுக்களாக உடைக்கின்றன. அவை மறுபடி சேரும்போது வெளிவரும் ஆற்றலில் ஒரு பங்குதான் சுமார் 97 கி.மீ. உயரத்தில் தெரியும் பச்சை ஒளி.

இந்த ஒளி ஒரே இரவுக்குள் கூடும், குறையும். அதற்கு ஒரு முக்கியக் காரணம் காற்றின் ஓதம், அதாவது கடல் நீர்போலக் காற்றும் தினமும் ஏறி இறங்குவது. ஓதம் என்றதும் நிலா ஞாபகத்துக்கு வரும். ஆனால் காற்றில் நிலாவின் பங்கு சொற்பம். இங்கே எல்லாம் சூரியன்தான், அதுவும் ஈர்ப்பால் அல்ல, சூட்டால். கீழே நீராவியும் மேலே ஓசோனும் தினமும் வெயிலை உறிஞ்சிச் சூடாகின்றன. அந்தத் துடிப்பு 24 மணி, 12 மணி நேர அலைகளாக மேலே கிளம்புகிறது. தரையில் இது அற்பம்: வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் காலை 10, இரவு 10 மணியையொட்டி ஓரிரு மில்லிபார் ஏறும், அவ்வளவே. ஆனால் 100 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆற்றல் அவ்வளவு மெலிந்த காற்றை ஆட்டும்போது அலை பூதாகரமாகிவிடுகிறது.

அலை காற்றைக் கீழே அழுத்தினால், மேலிருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் அடர்ந்த பகுதிக்கு இறங்குகின்றன. அணுக்கள் சேரும் வேகம் அடர்த்தியைப் பொறுத்துச் சட்டென்று ஏறுவதால், சிறிய இறக்கமே ஒளியை நன்றாகக் கூட்டிவிடும். மேலே தூக்கினால் மங்கல்.

அப்புறம், மழை. நீராவி மழையாகும்போதும் வெப்பம் வெளிவருகிறது. அமேசான், காங்கோ, இந்தோனேசியப் பகுதிகளில் தினமும் திரளும் இடிமழையும் ஓதங்களைக் கிளப்புகிறது. அவை சுமார் 110 கி.மீ. உயரத்தில் மின்னேற்றக் காற்றைப் பூமியின் காந்தப்புலத்துக்குக் குறுக்கே தள்ள, மின்புலம் உண்டாகி இன்னும் மேலேயுள்ள அயனிகளை (மின்னேறிய அணுக்களை) ஏற்றி இறக்குகிறது. 2002-இல் இமேஜ் செயற்கைக்கோள் எடுத்த புற ஊதாப் படங்களில் பூமியின் காந்தப்புலத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இந்த அயனிகளால் உண்டாகும் இரவு ஒளிப்பட்டைகள் இருந்தன. பூமியைச் சுற்றி நான்கு இடங்களில் அவை பிரகாசமாக இருந்தன. இதற்குக் காரணமான ஓதத்துக்கு மூன்றே முகடுகள். கணக்கு இடிக்கிறதா? அலை கிழக்கே ஓடுகிறது. ஒரே உள்ளூர் நேரத்தைப் பிடித்துப் பார்க்கும் பார்வையோ சூரியனோடு மேற்கே நகர்கிறது. எதிரெதிரே போவதால் ஒரு முகடு கூடுதலாகத் தென்படுகிறது.